நட்பு நாட்டின் போருக்கு நம் பணம்: நாயுடுபேட்டைச் சாலை சொல்லும் பழைய கணக்கு

புதுதில்லி: தலைநகரிலிருந்து சென்னை செல்லும் ரயில்கள் கூடூரைத் தாண்டியதும் ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரத்தைக் கடக்கின்றன. நாயுடுபேட்டை என்பது அதன் பெயர். சென்னைக்கு இன்னும் 110 கிலோமீட்டர் இருக்கும். பயணிகள் பெட்டிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கும் நேரம் அது. ஜன்னல் வழியே ஊரின் பெயர்ப் பலகையைப் படிப்பவர்கள் குறைவு. நீண்ட காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலம் மாவட்டங்களை மறுசீரமைத்தபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. கொல்கத்தா - சென்னை தேசிய நெடுஞ்சாலையிலிருந்து காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலை இங்குதான் பிரிகிறது.

போரில் சிக்கிய நட்பு நாட்டுக்கு ஓர் அரசு பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த நிபந்தனையில் கொடுக்கலாம் என்ற விவாதம் இன்று உலகத் தலைநகரங்களில் எல்லாம் நடைபெறுகிறது. ரஷியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிடும் உக்ரைனுக்குச் சுமார் 6,100 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் பல மாத இழுபறிக்குப் பிறகு 2024 ஏப்ரலில் நிறைவேற்றியது. அதில் பொருளாதார உதவியின் ஒரு பகுதி தானம் என்ற பெயரில் அல்லாமல், பின்னர் தள்ளுபடி செய்யக்கூடிய கடன் என்ற பெயரில் வழங்கப்பட்டது. சுமார் ஓராண்டு கழித்து, 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி, உக்ரைனின் கனிம வளங்களிலிருந்து எதிர்காலத்தில் கிடைக்கும் வருவாயை உள்ளடக்கிய கூட்டு முதலீட்டு நிதியம் ஒன்றுக்கான ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. துணைக்கு வந்தவர் பங்குதாரராகவும் ஆனார்.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்கு இது புதுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், நாயுடுபேட்டையிலிருந்து தெற்கேயும் மேற்கேயும் விரியும் நிலத்துக்கு இது சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகமான ஏற்பாடு. துணைப்படைக்கான செலவில் தொடங்கி நாட்டையே எழுதிக் கொடுப்பதில் முடிந்த கர்நாடகப் பிரதேசத்தின் வரலாறு அது. அந்த வரலாற்றின் வெளிச்சத்தில், சுதந்திர இந்தியா தன் நட்பு நாடுகளின் போர்களுக்குக் கொடுத்த பணத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று தமிழர்கள் மறக்க முடியாதது.

பிணையாக வைக்கப்பட்ட காணிக்கை

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். எதிர்த்தரப்பில் சந்தா சாகிபும், அவருக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயும் நின்றனர். முகம்மது அலியின் பக்கம் நிற்க முடிவு செய்தது சென்னையில் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1751-இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றியதும், 1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டதும் பாடப்புத்தகங்களில் உள்ளன. அந்தப் படைகளுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்பது பாடப்புத்தகங்களில் அதிகம் இல்லை.

கம்பெனி வணிக நிறுவனம். அது சிப்பாய்களையும் பீரங்கிகளையும் நவாபுக்கு இலவசமாக அனுப்பவில்லை. ஒவ்வொரு படையெடுப்பின் செலவும் நவாபின் கணக்கில் பற்று எழுதப்பட்டது. நவாபின் கையிலோ ரொக்கம் இல்லை. ஆகவே வருவாய் தரும் ஊர்களும் சீமைகளும் ஒவ்வொன்றாகக் கம்பெனிக்கு ஈடாக ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று திருப்பதி. திருமலைக் கோயிலுக்கு வரும் பக்தர்களின் காணிக்கையிலிருந்து நவாபின் அரசுக்குச் சேர வேண்டிய வருமானம், போர்ச் செலவுக்காகக் கம்பெனியின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது.

இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. நெல்லூரைப் பிடித்துவைத்திருந்த முகம்மது கமால் என்ற படைத்தலைவன் 1753-இல் திருப்பதி வருவாயைக் குறிவைத்துப் புறப்பட்டான். அக்காலப் போர்களை விரிவாக எழுதிவைத்த கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். நவாபின் நிலத்தில் நவாபின் எதிரி செய்த படையெடுப்புதான் அது. ஆனால், தடுக்கச் சென்றது கம்பெனிப் படை. காரணம் எளிது: காணிக்கை வருமானம் இப்போது கம்பெனியினுடையது. முகம்மது கமால் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். நண்பனைக் காக்க வந்த படை, தான் பெற்ற ஈட்டைக் காக்கும் படையாக மாறியதன் தொடக்கம் இதுதான்.

அடுத்து நெல்லூரை ஆண்டவர் நவாபின் தம்பி நஜிபுல்லா. அவரும் 1757-இல் அண்ணனுக்கு எதிராகக் கிளம்பினார். அவரை அடக்கக் கம்பெனி அனுப்பிய படை, கர்னல் போர்டின் தலைமையில் நெல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டுத் தோல்வியுடன் திரும்பியது. தோல்விக்கும் செலவு உண்டு. அதுவும் நவாபின் கணக்கில்தான் ஏறியது. 1763-இல் சென்னையைச் சுற்றிய செங்கற்பட்டுச் சீமை முழுவதையும் நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார்.

கடன்காரர்களின் ராஜ்ஜியம்

கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தவணைக்காக நவாப் வேறு இடத்தில் கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் அதே கம்பெனியின் ஊழியர்கள். பகலில் கம்பெனியின் அதிகாரியாக இருந்து நவாபிடம் தவணை கேட்டவர்கள், தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தனர். இவர்களில் பெயர்பெற்றவர் பால் பென்ஃபீல்டு. கட்டுமானப் பணிக்காகச் சென்னைக்கு வந்த இவர், சில ஆண்டுகளில் நவாபின் மிகப்பெரிய கடன்காரர்களில் ஒருவரானார்.

தஞ்சாவூர் இதற்குப் பலியானது. 1773-இல் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. வளமான அந்தக் காவிரிச் சீமையின் விளைச்சலை நவாப் தன் கடன்காரர்களுக்கு ஒதுக்கினார். லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் தஞ்சையை மராட்டிய மன்னர் துளஜாஜியிடமே திருப்பித் தர உத்தரவிட்டனர். அதை நிறைவேற்ற வந்த ஆளுநர் பிகட், 1776 ஆகஸ்டில் சென்னையில் தன் சொந்த ஆலோசனைச் சபை உறுப்பினர்களாலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். தஞ்சை நெல்லின் மீது பென்ஃபீல்டு கொண்டாடிய உரிமை ஓர் ஆளுநரின் உயிரையே விலையாகக் கேட்டது.

1780-இல் ஹைதர் அலி கணவாய்களின் வழியே இறங்கி வந்தபோது கர்நாடகப் பிரதேசம் தீக்கிரையானது. 1781 டிசம்பரில் முகம்மது அலி தன் வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுகளுக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். தன் செலவுக்கு என்று ஆறில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டார். படையெடுப்பிலிருந்து ஒரு நாட்டைக் காக்கத் தொடங்கிய நிதி ஏற்பாடு, அந்த நாட்டின் கஜானாவையே காப்பவர் கைக்கு மாற்றியது.

இந்தக் கடன்களில் எவை உண்மை, எவை போலி என்று விசாரிக்காமலே எல்லாவற்றையும் ஏற்க லண்டன் அரசு முடிவு செய்தபோது, 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆற்காட்டு நவாபின் கடன்கள் குறித்த அந்த உரை, பொதுப்பணம் பற்றிய நாடாளுமன்ற உரைகளில் இன்றும் நினைக்கப்படுகிறது. வாக்கெடுப்பில் பர்க் வெல்லவில்லை. பிற்காலத்தில் ஒரு தனி ஆணையம் அமைக்கப்பட்டு, நவாப் மீதான உரிமைக் கோரிக்கைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையானது என்று ஏற்கப்படவில்லை. பர்க் சரியாகச் சொன்னார் என்பது அப்போதுதான் உறுதியானது. அதற்குள் நாடு கைமாறிவிட்டது.

ஒன்பதும் பன்னிரண்டும்

நட்பு எப்படி அடிமைத்தனமாக மாறியது என்பதை ஒப்பந்தங்களின் எண்களே காட்டுகின்றன. 1787-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி நவாப் ஆண்டுதோறும் பாதுகாப்புச் செலவுக்கு 9 லட்சம் வராகனும், கடன்காரர்களுக்கு 12 லட்சம் வராகனும் கட்ட வேண்டும். அதாவது, எதிரியிடமிருந்து காப்பதற்கான செலவைவிட, காப்பாற்றியவர்களின் கடனை அடைப்பதற்கான செலவே அதிகம். 1792-இல் காரன்வாலிஸ் செய்த ஒப்பந்தத்தில் கடன் தவணை குறைக்கப்பட்டது. ஆனால், போர் வந்தால் நிர்வாகம் முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்ற விதி சேர்ந்தது. பாளையக்காரர்களிடமிருந்து கப்பம் வசூலிக்கும் உரிமையும் கம்பெனிக்குப் போனது. கட்டபொம்மன் யாருக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுந்ததற்கு இந்த ஒப்பந்தமே அடிப்படை.

முகம்மது அலி 1795-இல் மறைந்தார். அவருடைய மகன் உம்தத்-உல்-உமரா 1801 ஜூலையில் இறந்த இரண்டே வாரங்களில், ஜூலை 31-ஆம் தேதி, கர்நாடகப் பிரதேசத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. புதிய நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மிஞ்சின. 1855-இல் பட்டமும் போனது. சேப்பாக்கம் அரண்மனை அரசு அலுவலகமானது. நெல்லூரும் திருப்பதியும் திருநெல்வேலியும் ஒரே கையெழுத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்தன.

நாயுடுபேட்டையைச் சூழ்ந்த வெங்கடகிரி, காளஹஸ்தி சமஸ்தானங்களின் கதை இதன் கடைசி அத்தியாயம். இந்தப் பாளையக்காரர்கள் நவாபுக்குக் கப்பத்துடன் படைவீரர்களையும் அனுப்பக் கடமைப்பட்டவர்கள். 1802-இல் கம்பெனி அவர்களுக்குச் சன்னது வழங்கியபோது படை வைக்கும் கடமை நீக்கப்பட்டது. அதற்கு ஈடான தொகை பேஷ்குஷ் என்ற நிரந்தரக் கப்பத்தோடு சேர்க்கப்பட்டது. வாள் ஏந்திய கை இனி வரி எண்ணும் கையானது. திருமலைக் கோயில் நிர்வாகமும் நேரடியாகக் கம்பெனியிடம் வந்தது. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்திடம் ஒப்படைக்கப்படும் வரை அது அரசின் கையிலேயே இருந்தது. 1753-இல் காணிக்கைக்கு எழுதப்பட்ட ஈடு, அரை நூற்றாண்டில் கோயிலையே கொண்டுபோனது.

ஐந்து பைசா தபால்தலை

இனிச் சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். 1971-இல் கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய அடக்குமுறையால் சுமார் ஒரு கோடி அகதிகள் எல்லையைத் தாண்டி வந்தனர். 1971 மார்ச் 31-ஆம் தேதி, கிழக்கு வங்க மக்களின் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒருமனதாக நிறைவேற்றின. முக்தி வாஹினிக்குப் பயிற்சியும் ஆயுதமும் தரப்பட்டன. அது அப்போது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ஆனால், அகதிகளுக்கான செலவு வெளிப்படையாகவே மக்கள் மீது வைக்கப்பட்டது.

1971 நவம்பர் 15 முதல் கடித உறைகளில் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 1973 மார்ச் வரை அது நீடித்தது. நாயுடுபேட்டை அஞ்சலகத்தில் கடிதம் போட்டவரும், நாகர்கோவிலில் போட்டவரும் அந்த ஐந்து பைசாவைக் கொடுத்தனர். எதற்காகக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தபால்தலையிலேயே எழுதியிருந்தது. நாடாளுமன்றம் தீர்மானித்தது, அரசு வரி விதித்தது, குடிமக்கள் கண்ணால் பார்த்துச் செலுத்தினர். புதிய வங்கதேசத்தின் நிலத்திலிருந்தோ வருவாயிலிருந்தோ அந்தப் பணத்துக்கு ஈடு கேட்கப்படவில்லை. 1971 டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படைகள் திரும்பி வந்தன.

நட்புக்காகச் செய்யப்பட்ட போர்ச்செலவுகளில் இந்தியக் குடிமக்கள் பெருமையுடன் நினைவுகூர்வது இந்த ஒன்றுதான். வெற்றி மட்டும் இதற்குக் காரணமல்ல. எதற்கு, யாருக்கு, எவ்வளவு காலம் என்ற மூன்றும் பொதுவெளியில் இருந்தன.

கொழும்புக்குச் சென்றவை

இலங்கையின் கதை இதற்கு நேர்மாறானது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்ததும் யாழ்ப்பாணத்தில் இருந்த ஆயிரக்கணக்கான இலங்கைப் படையினர் துண்டிக்கப்படும் நிலை ஏற்பட்டது. கொழும்பு தில்லியிடம் ராணுவ உதவி கேட்டது. வாஜ்பாய் அரசு படையனுப்ப மறுத்தது. அமைதிப்படை அனுபவமும், 1987 முதல் 1990 வரை உயிரிழந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் நினைவும் அப்போது பசுமையாக இருந்தன. ஆனால், ஜூனில் கொழும்பு சென்ற வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் 10 கோடி டாலர் கடனுதவியை அறிவித்தார். அதே ஆண்டில் இந்தியக் கடற்படையின் 'சரயு' கப்பல் இலங்கைக் கடற்படைக்குச் சென்று 'சயுர' என்ற பெயர் பெற்றது.

அந்தக் கடன் ராணுவத்துக்கானதல்ல என்று விளக்கப்பட்டது. இந்த விளக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. போர் நடத்தும் அரசின் பெட்டியில் பணத்துக்குப் பெயர் கிடையாது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் வெளியிலிருந்து கடன் கிடைத்தால், உள்ளிருக்கும் அந்நியச் செலாவணியைப் பீரங்கிக்குத் திருப்பலாம். அந்த ஆண்டில் பாகிஸ்தானிடமிருந்து பல்குழல் ராக்கெட் ஏவிகள் இலங்கைக்கு வந்தன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2003 அக்டோபரில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ள இரு நாடுகளும் இசைந்தன. தமிழகக் கட்சிகளின் எதிர்ப்பு உள்ளிட்ட காரணங்களால் அது கையெழுத்தாகவில்லை. ஆனால், ஒப்பந்தம் இல்லாமலே ஒத்துழைப்பு நடந்தது. கடலோரக் காவல்படையின் 'வராஹா' கப்பல் குத்தகைக்குச் சென்றது. வான்வழித் தாக்குதலைக் கண்டறியும் 'இந்திரா' ரேடார்கள் தரப்பட்டன. 2007 மே மாத இறுதியில் சென்னைக்கு வந்த அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இலங்கை ஆயுதங்களுக்காகச் சீனாவையோ பாகிஸ்தானையோ நாடக் கூடாது என்ற கருத்தைத் தெரிவித்தார். தேவையை நாமே நிறைவேற்றுவோம் என்பதே அதன் உட்பொருள். தற்காப்புக் கருவிகள் மட்டுமே தருகிறோம் என்பது மத்திய அரசின் நிலையான பதிலாக இருந்தது.

2008 செப்டம்பர் 9-ஆம் தேதி வவுனியா படைத்தளத்தைப் புலிகள் தாக்கியபோது, அங்கு ரேடார் பணியில் இருந்த இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தனர். அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதையே நாடு அன்றுதான் அறிந்தது. அக்டோபர் 14-ஆம் தேதி சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்துக்குள் போர்நிறுத்தம் ஏற்படச் செய்யாவிட்டால் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவர் என்று அறிவித்தது. கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியைச் சந்தித்தார். ராஜிநாமாக்கள் நடைமுறைக்கு வரவில்லை. போரும் நிற்கவில்லை.

தில்லியின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு 1992-இல் தடை செய்யப்பட்ட இயக்கம் ஒன்று விமானங்களையும் கைக்கொண்டிருந்தது. பாக் நீரிணையின் மறுகரையில் சீனாவும் பாகிஸ்தானும் கால் ஊன்றுவதைத் தடுக்க வேண்டியிருந்தது. தன் எல்லையைக் காக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டு என்பது உலகம் ஏற்ற நெறி. இவை அனைத்தும் வலுவான காரணங்களே. ஆனால், அந்த அரசு யாரிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டது, அந்த நடவடிக்கையில் யார் இறந்தனர் என்ற கேள்வி இந்தக் காரணங்களால் மறைந்துவிடாது. ஐ.நா. பொதுச் செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, போரின் கடைசிக் கட்டத்தில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை உயிரிழந்திருக்கலாம் என்றது. அரசுப் படைகளின் எறிகணை வீச்சையும், மக்களைக் கேடயமாக்கிய புலிகளின் செயலையும் அது சேர்த்தே குற்றம் சாட்டியது.

போர் முடிந்தது 2009 மே 18-ஆம் தேதி. சர்வதேச நிதியம் ஜூலை இறுதியில் இலங்கைக்கு 260 கோடி டாலர் கடனை அனுமதித்தது. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகள் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. அதே ஜூலை 6-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில், இடம்பெயர்ந்த தமிழர்களின் மறுவாழ்வுக்கு ரூ. 500 கோடியைப் பிரணாப் முகர்ஜி ஒதுக்கினார். பின்னர் 50 ஆயிரம் வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. வீடு கட்டக் கொடுத்த தொகை பட்ஜெட் உரையில் இருந்தது. வீடு இடிந்த காலத்தில் கொடுத்த உதவிகள் முழுமையாக எந்த உரையிலும் இல்லை.

சீனாவைத் தடுப்பது என்ற நோக்கமாவது நிறைவேறியதா? அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. கடன் சுமையில் மூழ்கிய இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அப்போது சுமார் 400 கோடி டாலர் உதவியுடன் முன்வந்தது இந்தியாதான். போருக்கு வாங்கிய கடனும், போருக்குப் பின் வாங்கிய கடனும் நாட்டை எங்கே கொண்டுபோகும் என்பதை அறிய ஆற்காட்டுக்கே போக வேண்டியதில்லை.

கணக்கில் வரும் பகுதி, வராத பகுதி

இன்று இந்தியா நட்பு நாடுகளின் பாதுகாப்புக்கு உதவுவது பெரும்பாலும் கடன் வரம்பு என்ற ஏற்பாட்டின் வழியே. வியட்நாமுக்கு 10 கோடி டாலர் கடனில் 12 அதிவேக ரோந்துப் படகுகள் கட்டப்பட்டு 2022 ஜூனில் ஒப்படைக்கப்பட்டன. அதே நாட்டுக்கு மேலும் 50 கோடி டாலர் 2016 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வங்கதேசத்துக்கு 50 கோடி டாலர், மோரீஷஸுக்கு 10 கோடி டாலர், மாலத்தீவுக்கு 5 கோடி டாலர் என்று பட்டியல் நீளுகிறது. இவற்றில் எந்த நாடும் முழு அளவிலான போரில் இல்லை. நேரடியாகப் போரில் இருந்த நட்பு அரசு ஆப்கானிஸ்தான். சாலை, அணை, நாடாளுமன்றக் கட்டடம் என்று இருபதாண்டுகளில் சுமார் 300 கோடி டாலரை இந்தியா அங்கே செலவிட்டது. 2015-16-இல் நான்கு எம்.ஐ.-25 தாக்குதல் ஹெலிகாப்டர்களும் அந்த அரசுக்குச் சென்றன. 2021 ஆகஸ்ட் 15-ஆம் தேதி காபூல் தலிபான்களிடம் வீழ்ந்தது. ஆயுதம் யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர் கையிலேயே அது நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடன் வரம்பு செயல்படும் முறையைக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதி - இறக்குமதி வங்கி சந்தையில் பணம் திரட்டி நட்பு நாட்டுக்குக் கடன் தருகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதிக்கு இந்தியப் பொருள்களையே வாங்க வேண்டும். வட்டி வித்தியாசத்தை மத்திய அரசு ஈடுகட்டுகிறது. கடன் திரும்பாவிட்டால் அரசே பொறுப்பு. ஆகவே, நாடாளுமன்றத்தின் முன் வரும் மானியக் கோரிக்கையில் நேரடி உதவியும் வட்டி ஈடும் தெரியும். கடனின் முழுத் தொகை வாக்கெடுப்புக்கு வராது. 2025-26 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்கு ரூ. 20,516 கோடி ஒதுக்கப்பட்டது. அதில் பூடானுக்கு ரூ. 2,150 கோடி, இலங்கைக்கு ரூ. 300 கோடி என்று நாடுவாரியாகக் காணலாம். ஆனால், ஒரு போர்க்கப்பல் குத்தகைக்குப் போவதையோ, ஒரு ரேடார் தன் பணியாளர்களுடன் கடல் கடப்பதையோ இந்த அட்டவணையில் தேடிக் காண முடியாது. அயல்நாட்டு ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் முன்ஒப்புதல் தேவை என்று நம் அரசியல் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

ரகசியம் முழுவதையும் கலைக்க வேண்டும் என்று எவரும் கேட்கப் போவதில்லை. படை நடமாட்டத்தைப் பத்திரிகையில் அறிவித்துவிட்டு ஒரு நாட்டால் போரிட முடியாது. ஆனால், தொகை, நோக்கம், கால வரம்பு ஆகியவற்றை வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவிடமாவது முன்கூட்டியே வைப்பதில் பாதுகாப்புக்கு என்ன கேடு? அந்தக் குழு மானியக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் ஆராய்கிறது. கொடுத்த ஆயுதம் பொதுமக்கள் மீது பயன்படுத்தப்பட்டால் உதவி நின்றுவிடும் என்ற நிபந்தனையைக் கடன் பத்திரத்தில் எழுதுவதில் என்ன தடை? 2008-இல் இந்த இரண்டும் இருந்திருந்தால் போரின் முடிவு மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. தமிழக எம்.பி.க்கள் கையில் ராஜிநாமா மிரட்டலைத் தவிர வேறு ஆயுதமும் இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

உதவி பெறும் நாட்டின் பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவிடம் 1946-இல் வாங்கிய கடனின் கடைசித் தவணையைப் பிரிட்டன் 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தது. வென்ற நாடே அறுபதாண்டு கட்டியது. தோற்ற நாடும் துவண்ட நாடும் எதைக் கொண்டு கட்டும்? நிலத்தையா, துறைமுகத்தையா, கனிமத்தையா? முகம்மது அலியும் எதிரியிடம் தோற்கவில்லை. போர்கள் பலவற்றில் அவர் பக்கம்தான் வென்றது. வெற்றிகளின் கணக்கை அவரால் தீர்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போகும் பேருந்துகளும் யாத்ரிகர் வண்டிகளும் நாயுடுபேட்டைச் சந்திப்பில் நாள்தோறும் திரும்புகின்றன. மலையேறிக் காணிக்கை செலுத்துபவருக்கு அது எங்கே போகிறது என்பதை இன்று தேவஸ்தானத்தின் ஆண்டு வரவு - செலவுத் திட்டம் சொல்கிறது. 1753-இல் காணிக்கை செலுத்தியவருக்கு, அது யாரோ ஒருவரின் போருக்கு ஈடாக எழுதப்பட்டிருந்தது தெரியாது. வரி செலுத்தும் குடிமகன் இந்த இருவரில் யாரைப் போல இருக்க வேண்டும் என்பதை நாடாளுமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்.